ஏழு மகாமகம் கண்ட அப்பாயி

எங்கள் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, 2024 தை மாதம் காலமானபோது அவருக்கு மூன்று வயது சொல்லப்பட்டது. தெருமுனையில் பங்காளிகள் வைத்த கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் 96. ஆதார் அட்டைப்படி 84. அவருடைய மரப்பெட்டியில் இருந்த ஜாதகத்தைக் கணக்குப் போட்டால் 88. உண்மையில் அவருக்கு 90 முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இதைக் கண்டுபிடித்து உறுதி செய்ய எனக்கு ஏறத்தாழ ஒரு வருஷம் பிடித்தது. சம்பளமில்லா விடுப்பையும் சேர்த்தால் நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு. அப்பா முன்பே போய்விட்டார், சித்தப்பா சிங்கப்பூரில், அத்தைகள் இருவருக்கும் முழங்கால் வலி. அதனால் எல்லாவற்றுக்கும் தனியாகத்தான் அலைந்தேன். முன்கூட்டியே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். வீட்டில் எண்பது, தொண்ணூறு வயதில் பெரியவர்கள் இன்னும் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். குடவாசல் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். தாத்தா தொடக்கப் பள்ளி ஆசிரியர். அப்பாயி நாலாங்கிளாஸ் வரை படித்தவர், ஆனால் பதிகங்களைப் புத்தகம் பார்க்காமல் பாடுவார். விடிவதற்கு முன் கிணற்றடியில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, ஈரப் புடவையோடு சிவன் கோயில் வாசலில் கோலம் போடுவார். தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு பானையில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவார். மாதம் முடிந்ததும் அந்தப் பிடியரிசி கோயிலுக்குப் போய்விடும். வீட்டில் பஞ்சமாக இருந்த வருஷங்களிலும் அந்தப் பானை காலியாக இருந்ததில்லை என்று பெரிய அத்தை சொல்வார். 2020-ல் கொரோனாவுக்காகக் கோயில்களைப் பூட்டியபோது, பிரதோஷத்தன்று சாயங்காலம் பூட்டிய கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்து பாடி முடித்துவிட்டு வருவார். "சாமி உள்ளதானே இருக்காரு, கேக்காமயா போயிடும்" என்பார். கோபமும் உண்டு. யாராவது சாப்பிட்ட இலையில் சோற்றை மிச்சம் வைத்தால் அன்றைக்கு முழுவதும் பேசமாட்டார். அவர் மடியில் வளர்ந்தவள் நான். அவர் போன பிறகு ரொம்ப நாள் விடிகாலையில் விழிப்பு வரும், கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்காது, அப்புறம் தூக்கமும் வராது.

அழுது ஓய்வதற்குள்ளேயே காகித வேலை வந்துவிடும். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் அவர்களே தகவல் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் இறந்தால் நாம்தான் கொடுக்க வேண்டும், கிராமத்தில் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம். 21 நாள் தாண்டினால் தாமதக் கட்டணம், 30 நாள் தாண்டினால் மேலதிகாரி அனுமதி, ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு என்று ஒவ்வொரு படியும் கடினமாகிக்கொண்டே போகும். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று எல்லா வீட்டிலும் தள்ளிப்போடுவார்கள். அதற்குப் பிறகு கையில் இருப்பது ஐந்தே நாள். காரியத்துக்கு முன்பே போய்ப் பதிந்துவிடுங்கள். பதியும்போது பெயரின் எழுத்து, இனிஷியல், கணவர் பெயர் மூன்றையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பின்னால் திருத்தலாம், அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் ஓர் எழுத்தைத் திருத்த எவ்வளவு நாள் போகும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். அப்பாயிக்கு ஒரு தாளில் அவருடைய அப்பா பெயரின் முதலெழுத்து, இன்னொன்றில் தாத்தா பெயரின் முதலெழுத்து. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கித்தான் வங்கியில் கொடுக்க முடிந்தது.

வங்கிக் கணக்கில் பெரிய தொகை இல்லை. ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து, குலதெய்வக் கோயில் திருப்பணிக்கு என்று அப்பாயி சேர்த்து வைத்த பணம். அந்தக் கணக்கின் நாமினி தாத்தா. அவர் 1991-லேயே இறந்துவிட்டார். அதன்பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, வங்கியிலும் யாரும் கேட்கவில்லை. உயிரோடு ஒரு நாமினி இருந்திருந்தால் இறப்புச் சான்றும் அடையாள அட்டையும் கொடுத்து முடித்திருக்கலாம். இல்லாததால் வாரிசுச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் சம்மதக் கடிதம், சித்தப்பா சிங்கப்பூரில் கையெழுத்திட்டு அனுப்பிய தாள், ஜாமீன் பத்திரம் என்று மாதக்கணக்கில் இழுத்தது. உங்கள் வீட்டுப் பெரியவரின் பாஸ்புத்தகத்தை இன்றைக்கே எடுத்து நாமினி யார், அவர் இருக்கிறாரா என்று பாருங்கள். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். இன்னொன்று, அவர் இறந்த பிறகு ஏடிஎம் அட்டையை வைத்துப் பணம் எடுக்காதீர்கள். செலவுக்குத்தானே என்று எல்லோரும் சொல்வார்கள். பின்னால் மற்ற வாரிசுகளோடு மனத்தாங்கல் வர அதுவே போதும். இறப்புக்குப் பின் வரவாகும் ஓய்வூதியத்தையும் திருப்பித்தான் கட்ட வேண்டும்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் போதும். கட்டணம் நூறு ரூபாய்கூட வராது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து தாசில்தார் கொடுப்பார். சீக்கிரம் வாங்கித் தருவதாகச் சொன்ன ஒருவருக்குக் கொடுத்த மூவாயிரம் ரூபாய் வீண். விண்ணப்பம் அதற்குரிய வேகத்தில்தான் நகர்ந்தது. அங்கேதான் எனக்கு மனசு வலித்த ஒரு விஷயம் தெரிந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன்படி உயில் எழுதாமல் ஒரு பெண் இறந்தால், கணவர், மகன்கள், மகள்கள், இறந்துபோன மகன் அல்லது மகளின் பிள்ளைகள் ஆகியோர்தான் முதல் வாரிசுகள். மருமகள் அதில் இல்லை. கடைசி எட்டு வருஷம் அப்பாயியைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, படுக்கையை மாற்றியது என் அம்மா. அப்பா இல்லாததால் அப்பாவின் பங்கு எனக்கும் தம்பிக்கும் வந்தது, அம்மா பெயர் எங்கேயும் இல்லை. அம்மா எதுவும் கேட்கவில்லை. ஆனால் அப்பாயிக்கு இது தெரிந்திருந்தால் தன் காதுத்தோட்டையாவது அம்மா பெயருக்கு எழுதிவைத்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத் தாளில் எழுதி, அவர் கையெழுத்திட, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும். பதிந்து வைப்பது நல்லது, அவ்வளவுதான்.

அப்புறம் வயது. இதுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. தமிழ்நாடு அரசின் ஓய்வூதியத்தில், குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவருக்கும் 80 வயதில் 20 சதவீதம், 85-ல் 30, 90-ல் 40 என்று கூடுதல் தொகை உண்டு. தாத்தா 1984-ல் ஓய்வு பெற்றபோது நிரப்பிய தாளில் மனைவியின் வயது 44 என்று யாரோ குத்துமதிப்பாக எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்து வாக்காளர் அட்டை, அதைப் பார்த்து ஆதார், எல்லாவற்றிலும் ஜனவரி 1, 1940 ஆகிவிட்டது. விளைவு, 2013-லேயே கிடைக்க வேண்டிய கூடுதல் தொகை 2020-ல்தான் வந்தது. 85-க்கும் 90-க்கும் உரியது வரவேயில்லை. குறைவாகக் கணக்கிட்டாலும் ஒரு லட்சத்துக்கு மேல் அவர் கைக்கு வராமல் போயிருக்கிறது. அந்தப் பணத்தில் அவர் என்ன செய்திருப்பார் என்பதும் எனக்குத் தெரியும், கோயில் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டியிருப்பார். கேட்டுப் பார்த்தேன். ஆவணம் வேண்டும், ஜாதகத்தையெல்லாம் ஏற்க முடியாது என்றார்கள். அவர் படித்த பள்ளியில் அந்தக் காலத்துச் சேர்க்கைப் பதிவேடு மழையில் போய்விட்டது. ஆகவே வீட்டில் எழுபத்தைந்தைத் தாண்டிய ஓய்வூதியர் இருந்தால், ஓய்வூதிய ஆணையில் என்ன பிறந்த தேதி இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். பள்ளிப் பதிவேடு கிடைக்குமா என்று அவர் இருக்கும்போதே தேடுங்கள். திருத்தம் கேட்டு அவரே கையெழுத்திட்டு மனுக் கொடுக்க முடியும். இறந்த பிறகு நமக்கு அந்த வழி இல்லை.

பணம் போனதைவிட, அவர் எப்போது பிறந்தார் என்றே தெரியாமல் இருப்பதுதான் எனக்கு உறுத்தியது. வருஷத் திதிக்குள் அவர் வாழ்க்கையைச் சின்னப் புத்தகமாகப் போட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். முதல் வரியே எழுத வரவில்லை. ஜாதகம் யுவ வருஷம், உத்திராட நட்சத்திரம் என்றது, அதாவது 1935. பெரிய அத்தை அது இல்லவே இல்லை என்றார், ஆனால் எது சரி என்று அவருக்கும் தெரியவில்லை.

விடை கோயிலில் கிடைத்தது. அந்த ஆவணியில் ஒரு சாயங்காலம் விளக்குக்கு எண்ணெய் கொடுக்கப் போயிருந்தேன். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "நாளைக்கு ஆவணி மூலம். அம்மா அர்ச்சனை பண்ணாம இருந்ததே இல்லை. இந்த வருஷம் யார் பேருக்குப் பண்ணட்டும்?" என்று கேட்டார். ஜாதகத்தில் உத்திராடம் என்றுதானே இருக்கிறது என்றேன். "அது கல்யாணத்துக்காக எழுதினதும்மா. எங்கப்பா காலத்துலேர்ந்து அவாளுக்கு சங்கல்பம் மூல நட்சத்திரம்தான்" என்றார். பெண் மூலம் நிர்மூலம் என்று சொல்லிச் சொல்லி, மூலத்தில் பிறந்த பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாது என்று எத்தனையோ பெண்களைக் கட்டிக்கொடுக்க முடியாமல் வைத்திருந்த ஊர் இது. பயந்துபோன பெற்றவர்கள் நட்சத்திரத்தை மாற்றி, வயதிலும் இரண்டைக் குறைத்து வேறு ஜாதகம் எழுதியிருக்கிறார்கள். எழுபது வருஷம் அப்பாயி அதை வீட்டில் மூச்சுவிடவில்லை. சாமிக்கு மட்டும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்குக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து நான் அழுத அழுகை, அவர் இறந்த அன்றுகூட அழவில்லை. அந்த மாமனார் எண்பது வயதுக்கு மேல், அப்பாயி கையால் சாப்பிட்டு, நல்லபடியாக வாழ்ந்து போனவர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பழைய ஜாதகம் கையில் கிடைத்தால், அதுவே முடிவு என்று நினைக்க வேண்டாம். கல்யாணத்துக்காகத் திருத்தியதாக இருக்கலாம். அந்தப் பெரியவர் தன் பெயருக்கு எந்த நட்சத்திரத்தில் அர்ச்சனை செய்கிறார் என்று கோயிலில் கேளுங்கள்.

நட்சத்திரமும் மாதமும் கிடைத்துவிட்டன. வருஷத்துக்கு அப்பாயி சொன்ன ஒரு பேச்சே கைகொடுத்தது. எந்த வருஷம் என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். "எனக்கு வருஷம் தேதியெல்லாம் தெரியாது பாப்பா. மகாமகத்தக் கேளு, சொல்றேன்" என்பார். "எங்கம்மா வயித்துல நான் மூணு மாசம், கும்பகோணம் போய்ட்டுக் குளத்துல எறங்காம கரையிலயே நின்னுச்சாம்" என்பதும், "மொத மகாமகத்துக்கு எனக்குப் பதினோரு வயசு முடிஞ்சிருக்கு" என்பதும் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். மகாமகம் நடந்த வருஷங்கள் ஊரறிந்தவை: 1933, 1945, 1956, 1968, 1980, 1992, 2004, 2016. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்று 2016-லிருந்து கண்ணை மூடிக்கொண்டு பின்னோக்கி எண்ணினால் 1944, 1932 என்று வரும். வியாழன் ஒரு சுற்று வர பன்னிரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே ஆகிறது, அதனால் அவ்வப்போது பதினோரு வருஷத்திலேயே மகாமகம் வந்துவிடும். 1945-க்கும் 1956-க்கும் நடுவில் அப்படித்தான். 1933 மாசியில் வயிற்றில் மூன்று மாதம் என்றால் பிறப்பு அதே வருஷம் ஆவணி. அது ஸ்ரீமுக வருஷம். அந்த ஆவணியில் மூல நட்சத்திரம் ஆகஸ்ட் மாதக் கடைசியில் வருகிறது. 1945 மாசியில் பதினோரு வயது முடிந்திருக்கிறது. எல்லாம் பொருந்தியது.

அந்த நூல்முனை கிடைத்த பிறகு மீதி வாழ்க்கையும் வரிசைக்கு வந்தது. "கல்யாணமாகி மொத தீவாளி முடிஞ்சதும் பெரும்புயல்" என்பார். நாகப்பட்டினத்தில் கரையேறி எங்கள் பக்கத்தைப் புரட்டிப்போட்ட அந்தப் புயல் 1952 நவம்பர் 30. ஆக, கல்யாணம் அந்த வருஷம், அப்பாயிக்கு வயது பத்தொன்பதை ஒட்டி. "ரெண்டாவது மகாமகத்துக்கு உங்கப்பன் இடுப்புல", அது 1956. திருவாரூர் ஆழித்தேர் பல வருஷம் ஓடாமல் இருந்து மறுபடி ஓடியது 1970-ல், அதற்குத் தாத்தாவோடு நடந்தே போனார்களாம். 1992-ல் நெரிசலில் பலர் இறந்தபோது அப்பாயியும் குளத்தின் இன்னொரு கரையில் இருந்திருக்கிறார். தாத்தா போன அடுத்த மாசி அது, அவர் பெயரைச் சொல்லி முழுக்குப் போடப் போனவர். 2016-ல் எண்பத்திரண்டு வயதில் நானே ஆட்டோவில் கூட்டிப்போனேன். ஏழு மகாமகத்தையும் கண்ணால் பார்த்துவிட்டார். உங்கள் வீட்டில் அது மகாமகமாக இல்லாமல் இருக்கலாம். தேரோட்டம், கும்பாபிஷேகம், புயல், வெள்ளம், ஏதோ ஒன்று இருக்கும். கும்பாபிஷேகத் தேதி கோயில் சுவரில் கல்வெட்டாகவே இருக்கும். கேட்கும்போது, "அப்ப யாரு உன் இடுப்புல இருந்தா, யாரு பொறக்கல?" என்று கேளுங்கள், பதில் பளிச்சென்று வரும். தமிழ் வருஷப் பெயர் சொன்னால் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதையும், சித்திரையில் வருஷம் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி அடுத்த ஆங்கில வருஷத்தில் விழும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இழந்தவற்றையும் சொல்ல வேண்டும். அப்பாயியும் தாத்தாவும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரே படம், கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது, சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. பெரிதாக்கித் தருவதாகச் சொன்ன ஒரு கடைக்காரர் அதைப் பிரித்து எடுத்தார். அப்பாயியின் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. கையில் வந்தது வெள்ளைத் திட்டு. ஆயிரத்தைந்நூறு ரூபாயை அவர் திருப்பிக் கொடுத்தார், முகத்தை யார் கொடுப்பது. கண்ணாடியில் ஒட்டிய படத்தை ஒருபோதும் உரிக்க விடாதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே, பக்கவாட்டில் இருந்து வெளிச்சம் விழும்படி வைத்து, நேராகப் படம் பிடித்தால் போதும், நன்றாக வரும். அந்தப் படத்தின் பின்னால் தாத்தா பென்சிலில் "மன்மத, மாசி" என்று எழுதியிருந்தார். 1956 மகாமகத்துக்கு அதுதான் சாட்சி. பழைய படம் எடுத்தால் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் எடுங்கள்.

குரலும் அப்படியே. எண்பதுகளில் தாத்தா டேப் ரெக்கார்டரில் அப்பாயி பாடியதைப் பதிந்து வைத்திருந்தார். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை. கணினியில் ஏற்றித் தருகிறேன் என்று முன்பணமாக நாலாயிரம் வாங்கிக்கொண்ட ஒருவர், பூஞ்சையைத் துடைக்காமலே பழைய டெக்கில் ஓட்டி, ஒரு கேசட்டின் நாடாவைச் சிக்க வைத்துவிட்டார். அதில் இருந்த பதிகம் முழுவதும் போயிற்று. மீதியைத் திருச்சியில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கொடுத்து, கூடவே இருந்து எடுத்தேன். நல்லவேளையாக ஒரு தாலாட்டு முழுசாக வந்தது. சின்ன அத்தையைத் தூங்க வைக்கும்போது பாடியதை, கேசட்டுக்காக மறுபடி பாடியிருக்கிறார். அதில் தன் அண்ணன் தம்பி ஐந்து பேரையும் மூத்தவரிலிருந்து வரிசையாகப் பெயர் சொல்லி, யார் என்ன சீர் கொண்டு வருவார் என்று பாடுகிறார். அந்த ஐவரில் இரண்டு பேர் பெயர் எங்கள் யாருக்குமே தெரியாது, சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். ஒரு தாலாட்டில் மட்டும் அவர்கள் இருந்தார்கள். பழைய கேசட் கிடைத்தால் முதலில் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னத் தகடுகளை உடைத்துவிடுங்கள், தெரியாமல்கூட அதன்மேல் வேறு எதுவும் பதிவாகாது. பூஞ்சை இருந்தால் வீட்டில் போட்டுப் பார்க்க வேண்டாம். செல்போனில் இருக்கும் குரல் செய்திகளையும் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். சித்தப்பா கைபேசியை மாற்றியபோது அப்பாயி அவருக்கு அனுப்பியதெல்லாம் அழிந்துபோயிற்று.

கடைசியாக மஞ்சள் முடிச்சுகள். அவர் பூஜை அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பின்னால், மஞ்சள் துணியில் காசு முடிந்த முடிச்சுகள் பல இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு வேண்டுதல். எந்தச் சாமிக்கு, யாருக்காக என்று ஒன்றிலும் குறிப்பில்லை. வேண்டுதலைப் பாக்கி வைத்துவிட்டுப் போனாரே என்று பெரிய அத்தை துடித்துப்போனார். அவிழ்த்துப் பார்த்தேன். காசில் அச்சான வருஷம் இருக்கிறது அல்லவா, அதற்கு முன்னால் அந்த முடிச்சு போட்டிருக்க முடியாது. 1990 என்று இருந்த ரூபாய்க் காசு தாத்தா நோயில் கிடந்த சமயம், அது வைத்தீஸ்வரன்கோயிலுக்கு என்று அத்தை சொன்னார். சின்ன பத்துப் பைசா ஒன்று என் தம்பி பிறந்த காலம், சமயபுரமாக இருக்கும். ஒரு முடிச்சில் புதிய பத்து ரூபாய்க் காசு. அதன் மேல் 2019. அந்த வருஷம்தான் எனக்கு அறுவை சிகிச்சை நடந்தது. இடம் தெரிந்தவற்றை அந்தந்தக் கோயில் உண்டியலில் சேர்த்தோம். தெரியாதவற்றைக் குலதெய்வத்திடம் கொண்டுபோய்ப் போட்டு, எந்தச் சாமிக்கோ நீயே சேர்த்துவிடு என்று அத்தை வேண்டிக்கொண்டார். குருக்களும் அது முறைதான் என்றார். உங்கள் வீட்டில் இப்படி முடிச்சு இருந்தால், பெரியவரிடம் கேட்டு ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுத்தாள் கட்டி வையுங்கள். குலதெய்வத்துக்குப் படையல் எந்த வரிசையில் வைப்பது, யார் முதலில் விழுந்து கும்பிடுவது, எந்தக் கிளைக்கு எது முறை என்பதையும் அவர் செய்யும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள். அந்த வருஷம் எங்கள் படையலில் இரண்டு பங்காளி வீடுகளுக்குள் நடந்த சத்தம், அப்பாயி இருந்திருந்தால் ஒரு பார்வையில் அடங்கியிருக்கும்.

புத்தகம் வருஷத் திதிக்குத் தயாராகிவிட்டது. நாற்பத்தெட்டுப் பக்கம், நூறு படி, அச்சுக்கு ஒன்பதாயிரம் ரூபாய். முதல் வரி, "ஸ்ரீமுக வருஷம் ஆவணி மாதம் மூல நட்சத்திரத்தில் பிறந்தார்" என்று தொடங்குகிறது. மூலம் என்று போட வேண்டுமா என்று உறவில் சிலர் கேட்டார்கள், போட்டே தீருவேன் என்றேன். நூறு படியும் ஒரே நாளில் தீர்ந்துவிட்டது. மறுநாள் பெரிய அத்தை கூப்பிட்டு, 1968 மகாமகத்தைப் பற்றி எழுதியிருப்பது தப்பு, அன்றைக்கு அம்மா இடுப்பில் இருந்தது சின்னவள் இல்லை, பக்கத்து வீட்டுக் குழந்தை, சின்னவளுக்குக் காய்ச்சல், அவளை நான்தான் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன், எனக்கு அப்போது பதினாலு வயசு என்றார். எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த பதிப்பில் மாற்றிவிடுவேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை வீட்டுக்குப் போய் அவர் சொல்வதைப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். அவருடைய பாஸ்புத்தகத்தில் நாமினியாக இருந்த மாமா பெயரைப் போன மாதம்தான் மாற்றினோம்.